ராதிகா சின்னத்திரைக்கு வந்தது சினிமா கைவிட்டதாலா?

கேள்வி: மார்ச் 2, 2025

பழைய கதாநாயகிகள் எல்லோரும் வாய்ப்புக் குறைந்ததும் சீரியலுக்குப் போகிறார்கள். ராதிகாவும் அப்படிப் போனவர்தானே? அதை ஏன் பெரிய சாதனை போல எல்லோரும் பேசுகிறீர்கள்?

மார்ச் 2, இரவு

இல்லை. வாய்ப்புக் குறைந்தவர் யாரோ ஒரு தயாரிப்பாளரிடம் போய் வேடம் கேட்பார். 1999 டிசம்பரில் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியபோது ராதிகா அதன் நாயகி. அதன் முதலாளியும் அவர்தான். ராடான் என்ற பெயரில் 1994-லிருந்தே தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தயாரித்து வந்தார். இந்த ஒரு செய்தியை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினால் மற்ற எல்லாமே கோணலாகிவிடும்.

மார்ச் 3

நேற்று அவசரமாக எழுதினேன். இன்று கொஞ்சம் பொறுமையாக.

1978-இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' வந்தபோது ராதிகாவுக்குப் பதினாறு வயது நிறையும் தறுவாய். லண்டனில் படித்துவிட்டு வந்த பெண்ணைக் கிராமத்துப் பாஞ்சாலியாக நிறுத்தினார் பாரதிராஜா. ராதிகாவின் தந்தை எம்.ஆர்.ராதா மறுவருடம் காலமானார். அதற்குப் பிறகு வந்த இருபது வருடங்களைப் பாருங்கள். கே.விஸ்வநாத்தின் 'சுவாதி முத்யம்' 1986. தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என்று பார்த்திருப்பீர்கள். ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படம். 'நீதிக்குத் தண்டனை' 1987, 'பாசப் பறவைகள்' 1988. இரண்டுக்கும் எழுத்து கலைஞர் கருணாநிதி. நீண்ட வசனத்தை மூச்சு வாங்காமல், பொருள் சிதறாமல் பேச வேண்டிய படங்கள். எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ராதிகா பேசினால் அந்த வார்த்தை அப்போதுதான் அவருக்குத் தோன்றியது போல இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சீரியல் பேச்சாலும் முகத்தாலும் நடக்கிற கலை. மலை, அருவி, சண்டை, வெளிநாட்டுப் பாடல் எதுவும் கிடையாது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, பக்கத்தில் வந்து நிற்கும் கேமரா. அந்த இடத்தில் நிற்கத் தேவையான பயிற்சி அவரிடம் முன்பே இருந்தது.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

தயாரிப்பும் அவருக்குப் புதிது அல்ல. பிரதாப் போத்தன் இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை' 1985-இல் வந்தது. தயாரிப்பாளர் ராதிகா. அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்ற படம். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் திரும்பவும் வந்திருக்கிறார். "1990-களில் அவருக்குக் கதாநாயகி வேடம் இருந்ததா, இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்கிறார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 'கிழக்குச் சீமையிலே' வந்தது 1993-இல். அதில் ராதிகா நடித்த விருமாயியை மறக்க முடியுமா? அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் கிடந்து நொறுங்கும் அந்தப் பெண்தான் படமே. ஆனால் இரண்டே வருடம் கழித்து, அதே பாரதிராஜாவின் 'பசும்பொன்' படத்தில் பிரபுவுக்கு அம்மா. பிரபு வயதில் ராதிகாவைவிட மூத்தவர்! முப்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு நம் சினிமா வைத்திருந்த இடம் அதுதான். பிரமாதமாக நடித்தார் என்பது வேறு விஷயம்.

எனவே சினிமாவின் வாசல் குறுகிக்கொண்டு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். எல்லா நடிகைகளுக்கும் அது குறுகியது. குறுகிய வாசலுக்கு வெளியே நின்று சிலர் காத்திருந்தார்கள், சிலர் விலகிப் போனார்கள். இவர் தனக்கென்று ஓர் அரை மணி நேரத்தை வாங்கினார். 'வாங்கினார்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு விளக்குகிறேன்.

மார்ச் 5

சாத்தூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, இரவில் வீட்டில் பெட்டி ஒட்டும் வேலை. அம்மாவும் அத்தையும் பசைச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஒன்பதரைக்கு நித்யஸ்ரீ மகாதேவன் குரலில் 'சித்தி'யின் முகப்புப் பாடல் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் அட்டைக் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், எங்களிடம் கலர் டிவி இருந்ததால். கை பாட்டுக்கு ஒட்டும், கண் திரையில் இருக்கும்.

எங்கள் அத்தை இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர். மூத்தாள் பிள்ளைகள் இரண்டு பேரை வளர்த்தார். ஊரில் அவர் என்ன செய்தாலும் அதற்கு ஒரு பேச்சு உண்டு. பிள்ளை இளைத்தால் சோறு போடவில்லை என்பார்கள், அடித்தால் கேட்கவே வேண்டாம், கொஞ்சினால் வேஷம் என்பார்கள். 'சித்தி' தொடரில் சாரதா தன் கணவரின் (சிவகுமார்) முதல் தாரத்து மகளைத் தன் மகளாக வளர்க்கிறாள். மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி என்று அதுவரை ஆயிரம் கதை பார்த்துப் பழகிய ஒரு தெரு, தினமும் இரவு ஒரு நல்ல மாற்றாந்தாயைப் பார்த்தது. அத்தையைப் பற்றிய பேச்சு உடனே நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அத்தையே ஒருநாள், "நானும் இப்படித்தானே வளர்த்தேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதற்கு முன்பு அவர் அப்படித் தன் பக்கம் நின்று பேசி நான் கேட்டதில்லை. யாரும் மறுத்துப் பேசவும் இல்லை.

ஆகவே 'பெரிய சாதனை போல ஏன் பேசுகிறீர்கள்' என்ற கேள்விக்கு என் வீட்டுப் பதில் இது. இனி கணக்குப் பதில்.

மார்ச் 6

2000-களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தின் மீடியா பிரிவில் வேலை பார்த்தேன். எந்தச் சீரியலுக்கு நடுவில் எந்தச் சோப்பு, எந்த மசாலாத்தூள் வரும் என்று தீர்மானிக்கும் மேஜைகளில் ஒன்று என்னுடையது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று பல தொடர்களில் நடப்பது என்ன? சேனல் ஒரு தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுத்துத் தரச் சொல்கிறது. லாபமோ நஷ்டமோ சேனலுடையது. தொடரின் உரிமையும் சேனலுடையது. அன்று சன் டிவியின் பெரிய தொடர்கள் பலவும் இதற்கு நேர்மாறாக ஓடின. சேனலிடம் அரை மணி நேரத்தைக் கட்டணம் கட்டித் தயாரிப்பாளர் எடுத்துக்கொள்வார். அந்த அரை மணியில் சில நிமிட விளம்பர நேரம் அவருக்கு வரும். அதைப் பத்து வினாடிக்கு இவ்வளவு என்று எங்களைப் போன்றவர்களிடம் விற்று, அந்தப் பணத்தில்தான் நடிகர் சம்பளம், படப்பிடிப்பு வீட்டு வாடகை, சாப்பாடு, கேமரா, எடிட்டிங் எல்லாம். எந்தத் தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் டி.ஆர்.பி. தாள் வாரா வாரம் வரும். எண் இறங்கினால் எங்கள் மேஜையில் பேரம் தொடங்கிவிடும். சேனலுக்குக் கட்டும் கட்டணம் மட்டும் இறங்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாயகிக்குக் காய்ச்சல் வந்தால் படப்பிடிப்பு நிற்கும். நின்றால் தயாரிப்பாளருக்கு நஷ்டம். இங்கே இருவரும் ஒரே ஆள். காலையில் ஒப்பனை போட்டுக்கொண்டு அழ வேண்டும், மாலையில் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் போக ஓர் எபிசோடில் இருபது நிமிடச் சொச்சம் கதை. வாரத்துக்கு ஐந்து. அதாவது வாரம் நூறு நிமிடத்துக்கு மேல் எடுத்து, வெட்டி, ஒட்டி, குரல் சேர்த்து, நாடாவைச் சேனலுக்கு அனுப்ப வேண்டும். மூன்று வாரத்தில் இரண்டு முழுநீளத் திரைப்படங்களுக்குச் சமமான நீளம் வந்துவிடும். இதை ஒரு வருடம் செய்தாலே பெரிது. 'சித்தி' 2001 நவம்பர் வரை போனது. அதற்குப் பிறகு 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி'. கடைசியாகச் சொன்னது முடிந்தது 2018 டிசம்பரில். இடையில் சிறு இடைவெளிகளை விட்டுவிட்டால், ஏறத்தாழ பத்தொன்பது வருடம் அந்த ஒன்பதரை மணி அவருடையது. நடுவில் ராடான் பங்குச் சந்தைக்குப் போன நிறுவனமும் ஆயிற்று.

தமிழ்த் திரையுலகில் இத்தனை வருடம் தொடர்ச்சியாக நாயக வேடத்திலும் முதலீட்டிலும் ஒரே ஆள் நின்ற உதாரணம், ஆணோ பெண்ணோ, எனக்கு உடனே தோன்றவில்லை. இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

மார்ச் 7

ஒருவர் கே.பாலசந்தரைச் சொல்கிறார். பாலசந்தர் நடிகர் அல்ல. அடுத்து.

மார்ச் 9

முந்தைய குறிப்பில் பாலசந்தரை ஒற்றை வரியில் ஒதுக்கியதாக ஒருவருக்கு வருத்தம். ஒதுக்கவில்லை. தூர்தர்ஷனில் அவர் எடுத்த 'ரயில் சிநேகம்' எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தது. ஆனால் அது வாரத்துக்கு ஒருமுறை வந்த காலம். பதின்மூன்று வாரம் என்பது வழக்கமான அளவு. ஓர் இயக்குநர் தன் கதையை முழுதாக எழுதி வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போக முடிந்தது.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. சில வருடங்களில் தினசரித் தொடர் வந்தது. எழுதுவதும் எடுப்பதும் ஒளிபரப்பாவதும் ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு ஓடத் தொடங்கின. அங்கே இயக்குநரின் கைவண்ணத்தைவிட, தினமும் பார்க்கச் சலிக்காத ஒரு முகம் முக்கியம். 'சித்தி' எடுத்த சி.ஜே.பாஸ்கர் கெட்டிக்காரர், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் யாரும் பாஸ்கரின் தொடர் என்று சொன்னதில்லை. ராதிகா சீரியல் என்றார்கள். பாலசந்தர் சீரியல் என்று சொன்ன அதே வாய்கள்தான்.

மார்ச் 10

இதை முன்பே எழுத நினைத்தேன். 1997-இல் வந்த 'சூர்யவம்சம்' நினைவிருக்கிறதா? அப்பா சரத்குமாருக்கு மனைவி ராதிகா. மகன் சரத்குமாருக்கு மனைவி தேவயானி. மாமியாரும் மருமகளும். ஆறு வருடம் கழித்து 2003-இல் தேவயானி 'கோலங்கள்' தொடங்கினார். ஒன்பது மணிக்குக் 'கோலங்கள்', ஒன்பதரைக்கு ராதிகா. அந்தப் படத்தின் மாமியாரும் மருமகளும் தமிழ்நாட்டின் இரவு ஒரு மணி நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்!

எங்கள் அம்மா அந்த ஒரு மணி நேரமும் போனை எடுக்க மாட்டார். திருமணமாகிச் சென்னை வந்த பிறகு, பத்து மணிக்கு மேல்தான் அவரிடம் பேச முடியும் என்று தெரிந்து அதற்கேற்ப என் இரவுச் சாப்பாட்டையே தள்ளி வைத்துக்கொண்டேன்.

தேவயானி வந்தபோது அவர் இளமையின் உச்சத்திலிருந்த நாயகி. சீரியலுக்குப் போவது ஓய்வு பெறுவது அல்ல என்று அவர் போன்றவர்கள் நம்பியதற்கு 'சித்தி' ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மார்ச் 14

"நல்லதை மட்டும் எழுதுகிறீர்கள். இந்தச் சீரியல்கள் பெண்களை அழுமூஞ்சிகளாகவும் சூழ்ச்சிக்காரிகளாகவும் காட்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?"

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஒரு நல்ல பெண்ணைத் தினமும் காட்ட வேண்டுமானால் அவளுக்கு எதிரே ஒரு கெட்ட பெண் தினமும் வேண்டியிருந்தது. கதை நீள நீள அவளுடைய விஷம் கூடிக்கொண்டே போனது. நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரி, கணவனின் பழைய காதலி என்று ஆள்தான் மாறும். வரதட்சணை கேட்கும் மாமனார், குடித்துவிட்டு வரும் கணவன், சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் முதலாளி ஆகியோர் எங்கள் தெருவுக்குச் செய்த கெடுதலை, திரையில் பெண்கள் பெண்களுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். மேஜையில் உட்கார்ந்து டி.ஆர்.பி. பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வில்லி ஜெயிக்கும் வாரங்களில் எண் ஏறும். அந்த ஏற்றத்துக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள். ராதிகாவும் விதிவிலக்கு அல்ல. முதலாளியாக இருந்தவர் என்பதால் அவருக்கு இதில் பொறுப்பும் கூடுதல். புகழை முதலாளிக்குக் கொடுத்துவிட்டுக் குறையை மட்டும் சேனல் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவருடைய நாயகிகள் அழுதுவிட்டு எழுந்திருப்பார்கள். 'வாணி ராணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைச் சகோதரிகள், இருவருமே ராதிகா. வாணி வழக்கறிஞர், ராணி வீட்டோடு இருப்பவர். வக்கீலை உயர்த்தி இல்லத்தரசியைத் தாழ்த்துவதோ, வேலைக்குப் போகிறவளைத் திமிர் பிடித்தவளாக்கி வீட்டிலிருப்பவளைத் தெய்வமாக்குவதோ எளிது. ஒரே முகம் இரண்டு பேருக்கும் இருந்ததால் பார்ப்பவர்கள் ஒருத்தியை வெறுத்து மற்றவளை நேசிக்க முடியவில்லை.

மார்ச் 14, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரட்டை வேடம் என்றால் நம் ஊரில் தலைவாரலையும் புடவையையும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ராதிகா வாணிக்குத் தோளை நிமிர்த்திக்கொள்வார், வாக்கியத்தைச் சட்டென்று முடிப்பார். ராணி பேசும்போது கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்து, எதிராளி ஏதாவது சொல்வார்களா என்று பார்ப்பார். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் நிற்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு வேகமாக எடுக்கும் ஒரு தினசரித் தொடரில், ஐந்து வருடத்துக்கு மேல் இந்த வேறுபாட்டை அவிழ்ந்துவிடாமல் காப்பாற்றியது பெரிய காரியம். இதற்குத் தேசிய விருது கிடையாது, ஏனென்றால் சீரியல் நடிப்புக்கு அப்படி ஒரு விருதே கிடையாது.

மார்ச் 15

அவருடைய திருமணங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நான் எழுதப் போவதில்லை. நடிப்பையும் தொழிலையும் பற்றிக் கேளுங்கள்.

மார்ச் 21

தேர்தல் பேச்சு வந்துவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக நின்றார். எங்கள் சாத்தூர் அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. காங்கிரஸின் மாணிக்கம் தாகூர் வென்றார், தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன் நெருங்கி வந்து இரண்டாமிடம், ராதிகா மூன்றாமிடம்.

"இவ்வளவு பேர் நேசித்த சித்திக்கு ஏன் ஓட்டு விழவில்லை?" என்கிறார் ஒருவர். எங்கள் வீட்டிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. பிரசார வண்டி வருகிறது என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போனார். பார்த்துவிட்டு வந்து போனில் எனக்குச் சொன்னதெல்லாம் அவர் இன்னும் அப்படியே இருக்கிறார், வெயிலில் பாவம் என்பதுதான். ஓட்டைப் பற்றிக் கேட்டேன். அதைக் கட்சி பார்த்துத்தானே போட வேண்டும் என்றார். எழுபது வயது நெருங்கும் அம்மா இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. நடிகையைப் பார்த்தால் நம் ஜனங்கள் மயங்கி ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்று எழுதுகிறவர்கள் சாத்தூர்ப் பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

ஏப்ரல் 2

சினிமாவுக்கு அவர் திரும்பியதைப் பற்றி யாரும் பேசவில்லையே? 'நானும் ரௌடி தான்' (2015) படத்தில் விஜய் சேதுபதியின் அம்மா, அதிலும் காவல்துறை அதிகாரி. மறுவருடம் 'தர்மதுரை'யில் மறுபடி விஜய் சேதுபதிக்கு அம்மா, 'தெறி'யில் விஜய்க்கு அம்மா. 2022-இல் 'லவ் டுடே'யில் இன்றைய பையனின் அம்மா. எல்லாம் அம்மாதான். ஆனால் 'பசும்பொன்' காலத்து அம்மா வேடத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அன்று அவருக்கு வேறு வழி அதிகம் இல்லை. 2015-இல் 'வாணி ராணி' ஓடிக்கொண்டிருந்தது. சொந்த நிறுவனம், சொந்த அரை மணி நேரம், சொந்த நாயகி வேடம் எல்லாம் கையில் இருந்தன. ஒரு படத்துக்கு மாட்டேன் என்று சொன்னால் வீட்டில் உலை ஏறாமல் போய்விடாது. அந்தத் தைரியம் அந்த வேடங்களில் தெரிகிறது. அந்தக் காவல்துறை அம்மா மகனை அதட்டும் காட்சிகளில் கெஞ்சல் ஒரு துளிகூட இல்லை.

கேள்வி கேட்ட நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். சினிமா கைவிட்டு இவர் சீரியலுக்குப் போனார் என்பது அவர் வாதம். நான் பார்ப்பது இது: சீரியலில் சம்பாதித்துக்கொண்ட சுதந்திரத்தோடு இவர் சினிமாவுக்குத் திரும்பினார்.

ஏப்ரல் 6

'கோடீஸ்வரி' பற்றிக் கேட்டிருந்தவருக்கு. 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் தொடங்கியது. 'கோன் பனேகா குரோர்பதி' போலக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பணம் வெல்லும் அதே விளையாட்டு, ஆனால் போட்டியிடுவோர் பெண்கள் மட்டும், நடத்துபவர் ராதிகா. 2020 ஜனவரியில் காது கேளாத, பேச இயலாத ஒரு மதுரைப் பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார். நடத்துபவரின் நாற்காலியில் பெரும்பாலும் குரலால் ஆளும் நடிகர்களையே பார்த்திருக்கிறோம். அன்று குரல் பயன்படாத இடத்தில் ராதிகா முகத்தாலும் கையாலும் அந்தப் பெண்ணோடு பேசினார். அவசரப்படுத்தவில்லை, பரிதாபப்படவும் இல்லை. அதே மாதம் 'சித்தி 2' சன் டிவியில் தொடங்கியது. இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு நின்றது. மீண்டும் தொடங்கி, 2021-இல் அவர் அதிலிருந்து விலகினார்.

பழைய 'சித்தி'யைப் புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள் முதல் சில வாரங்களைத் தாண்டாமல் முடிவுக்கு வர வேண்டாம். ஒளியும் ஒலியும் இன்றைய கண்ணுக்குப் பழையதாகத் தெரியும். சாரதாவும் அந்தச் சிறுமியும் தனியாக இருக்கும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள்.